புற்றும் கரடியும்

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது கீழவாஞ்சூர். ஒரு பக்கம் கடலும் துறைமுகமும் நிலக்கரிக் குவியலும்; மறுபக்கம் வயலும் வாய்க்காலும். இங்கே கரடி கிடையாது. பக்கத்தில் இருக்கிற நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் கிடையாது. கரடியைப் பற்றிய ஒரு கட்டுரையை இந்த ஊரிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு விலங்கு ஓரிடத்தில் ஏன் வாழ்கிறது என்று புரிந்துகொள்ள, இன்னோர் இடத்தில் அது ஏன் வாழவில்லை என்று கேட்பதும் நல்ல வழி என்பதால்தான்.

காவிரியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆறு மலைக்காட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அங்கே அறிவிக்கப்பட்டன. அந்தக் காடுகளில் கரடி உண்டு. அதே காவிரியின் கிளையான அரசலாறு காரைக்காலில் கடலில் கலக்கிறது. மேலே கரடி வாழ்கிறது, கடைமடையில் இல்லை. "காடு அழிந்துவிட்டது, அதனால் இல்லை" என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் இன்றும் காடு இருக்கிறது. அங்கே நிறைந்து நிற்கும் பாலை மரத்தின் பழம், கரடிக்கு உயிர். கடலுக்கு அப்பால் இலங்கையின் வில்பத்துவிலும் யாலாவிலும் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கரடிகள் பட்டப்பகலில் மரமேறித் தின்பதைப் பார்க்கவே கூட்டம் போகிறது. அதே மரம், ஏறக்குறைய அதே வறண்ட பசுமைக்காடு. ஆனாலும் கோடியக்கரையில் மானும் குதிரையும் நரியும் உண்டு, கரடி இல்லை. ஆகவே மரத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. மண்ணைப் பார்க்க வேண்டும். மண்ணில் இருக்கும் கறையான் புற்றைப் பார்க்க வேண்டும்.

உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. இந்தியாவில் நான்கு: இமயத்தின் பழுப்புக் கரடி, ஆசியக் கருங்கரடி, வடகிழக்கின் சூரியக் கரடி, பிறகு நம்முடைய தேன்கரடி. தமிழ்நாட்டில் இருப்பது இந்தக் கடைசி ஒன்று மட்டுமே. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை என்று மேற்குமலைத் தொடர் நெடுகவும், ஓசூர்ப் பக்கத்துப் பாறைக்குன்றுகளிலும் இருக்கிறது. இலங்கையின் வறள்வலயக் காடுகளில் இதன் தனிக் கிளையினம் ஒன்று வாழ்கிறது. நேர்கோட்டில் அளந்தால் காரைக்கால் கடற்கரைக்கு முதுமலையைவிட இலங்கையின் வன்னிக்காடுதான் அருகில். ஆனால் நடுவே கடல்.

கரடி என்றதும் படித்தவர்கள் மனத்தில் எழுவது குளிர்நாட்டுச் சித்திரம். பனிக்காலம் முழுக்கக் குகையில் தூங்கும் விலங்கு, ஆற்றில் மீன் பிடிக்கும் விலங்கு, கொழுத்த விலங்கு. இவை பழுப்புக் கரடிக்கும் அமெரிக்கக் கருங்கரடிக்கும் பொருந்தும். நம் கரடி பனித்தூக்கம் போடுவதில்லை. ஆண்டு முழுவதும் நடமாடுகிறது. ஆண்டு முழுவதும் இரை தேடுகிறது. வளர்ந்த ஆண் 80 முதல் 145 கிலோ வரை இருக்கும், பெண் 55 முதல் 95 கிலோ வரை. இவ்வளவு பெரிய உடம்பு, எறும்பையும் கறையானையும் முதன்மை உணவாகக் கொண்டு வாழ்கிறது என்பதுதான் இதன் உயிரியலின் மையம். கரடிக் குடும்பத்தில் வேறெதுவும் இந்த வழியில் இவ்வளவு தூரம் போகவில்லை.

முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். மேல்வரிசையின் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் இதற்கு இல்லை. மற்றக் கரடிகளுக்கு 42 பற்கள், இதற்கு 40. அந்த இடைவெளி ஒரு குழாய்வாய்போலப் பயன்படுகிறது. மேல் அண்ணம் குழிந்து உயர்ந்திருக்கிறது. உதடுகள் நீண்டு, தளர்ந்து, எந்தப் பக்கமும் திரும்பக்கூடியவை. கறையானை உறிஞ்சும்போது அவை முன்னால் குவிந்துகொள்கின்றன. நாசித்துளைகளை வேண்டும்போது மூடிக்கொள்ள முடியும். முன்கால் நகங்கள் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். பூனை இனத்தின் நகம்போல உள்ளே இழுத்துக்கொள்ள முடியாதவை. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இந்த நகத்தையும் பல்லையும் பார்த்து, இது தென்னமெரிக்க ஸ்லாத் (sloth) இனம் என்றே வகைப்படுத்திவிட்டார். அருகிலிருந்து உடம்பைப் பார்த்தவரையே ஏமாற்றும் அளவுக்கு இதன் வடிவம் கரடிக் குடும்பத்தின் பொதுவழியை விட்டு விலகியிருக்கிறது.

புற்றைக் கரடி எப்படித் தின்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் முகர்ந்து, உயிருள்ள புற்று எது என்று தேர்ந்துகொள்கிறது. வெயிலில் இறுகிச் செங்கல்லாகிப்போன மேல்ஓட்டை முன்கால் நகங்களால் பிளக்கிறது. கறையான் வாழும் அறைகளும், அது பூஞ்சை வளர்க்கும் பஞ்சுபோன்ற கூடுகளும் வெளியே தெரிந்ததும் மூஞ்சியைத் துளைக்குள் வைத்து ஓங்கி ஊதுகிறது. மண்ணும் தூசியும் பறக்கின்றன. உடனே நாசியை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, உள்ளே இருப்பதை உறிஞ்சுகிறது. ஊது, உறிஞ்சு, மறுபடி ஊது, உறிஞ்சு. அந்தச் சத்தம் அமைதியான இரவில் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். வேலையில் மூழ்கிவிட்டால் பக்கத்தில் வருவதைக் கவனிக்காது. மனிதர்கள் கரடியிடம் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்; அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஊதுதலை நம்மவர்கள் ஆராய்ச்சிக்கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பதிவு செய்துவிட்டார்கள். சங்கப் பாடல்களில் கரடிக்கு எண்கு என்று பெயர். நற்றிணையின் 125ஆம் பாடலில் நள்ளிரவில் ஒரு கரடி புற்றைத் தோண்டுகிறது. உள்ளே இருக்கும் பாம்பு நடுங்குகிறது. கரடியின் மூச்சு கொல்லன் உலைத்துருத்திக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. அகநானூற்றில் கரடி இருப்பைப் பூவைத் தின்னும் காட்சிகள் வருகின்றன. இன்று நாம் இலுப்பை என்கிறோமே, அந்தப் பூதான். இரவு நடமாட்டம், புற்று, ஊதும் மூச்சு, இலுப்பைப் பூ. இவை நான்கும் இன்றைய கள ஆய்வுகள் உறுதி செய்திருப்பவை. இந்தப் புலவர்கள் காட்டின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள், அல்லது பார்த்தவர்களிடம் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். இதை வெறும் வருணனை என்று ஒதுக்குவது நம் அறிவுமரபுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

இன்றைய ஆய்வு வேறு வழியில் போகிறது. கரடியை நேரில் தொடர்ந்து பார்ப்பது கடினம், ஆபத்தும்கூட. ஆகவே அதன் எச்சத்தைப் பொறுக்கி, கழுவி, சலித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கிறார்கள். கறையானின் கடினமான தலை செரிக்காமல் அப்படியே வரும். எறும்பின் ஓடும், தேன்மெழுகும், பழக்கொட்டையும் வரும். முதுமலைக் கரடிகளின் உணவு பற்றி இம்முறையில் செய்த ஆய்வொன்று 1997இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. அதன் முதல் ஆசிரியரான நாகராஜன் பாஸ்கரன் பின்னாளில் ஆசிரியராக இருந்தது எங்கே என்றால், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில். கரடியே இல்லாத டெல்டாவில் இருக்கும் இந்தக் கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் துறை, காட்டு ஆய்வுக்கு எத்தனையோ மாணவர்களைத் தயார்செய்து அனுப்பியிருக்கிறது. காரைக்கால் பிள்ளைகள் பேருந்தேறிப் போய்ப் படித்துவிட்டு வரக்கூடிய தூரம்தான். இது நம் பகுதியில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

பழ விஷயத்தில் கரடி தாராளமானது. கொன்றைக் காயின் உள்ளே இருக்கும் கரிய பசை, இலந்தை, நாவல், நறுவிலி, அத்தி வகைகள், பலா, எது பழுக்கிறதோ அதைத் தின்கிறது. தின்ற இடத்திலிருந்து தொலைவில் போய் விதையை எச்சத்தோடு போடுகிறது. கேரளத்தில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். கொன்றையின் இறுகிய காயை உடைத்து விதையை வெளியே கொண்டுவரும் விலங்குகள் காட்டில் மிகச் சில. கரடி அவற்றுள் ஒன்று. தேனுக்காக மரமேறுவதும், தேனீக்கள் கொட்டக் கொட்டக் கூட்டைத் தட்டி விழச்செய்து தின்பதும் எல்லாரும் அறிந்ததே. ஆனால் பழமும் தேனும் பருவத்தோடு வந்து போகும் வரும்படி. புற்றுதான் நிலையான சோறு. நேபாளத்தின் சிதவன் தேசியப் பூங்காவில் ஜோஷி, கார்ஷெலிஸ், ஸ்மித் ஆகியோர் 1990களில் கழுத்தில் வானொலிப் பட்டை மாட்டி ஆராய்ந்த கரடிகள், உணவில் பாதிக்கு மேல் கறையானையே நம்பியிருந்தன.

கீழவாஞ்சூர்க் கேள்விக்கு விடை தரும் செய்தியும் அதே சிதவன் ஆய்வில் இருக்கிறது. அங்கே ஆற்றோர வண்டல் புல்வெளி ஒரு பக்கம், மேட்டுநிலக் காடு இன்னொரு பக்கம். வறண்ட மாதங்களில் கரடிகள் வண்டல் புல்வெளியில் நன்றாக மேய்கின்றன. கறையான் அங்கே ஏராளம். மழை பிடித்து மண் ஊறியதும் மேட்டுக்குப் போய்விடுகின்றன. தண்ணீர் நிற்கும் நிலத்தில் கறையானை எட்டமுடியாது.

சிதவன் கரடிக்கு ஏறிப்போக மேடு இருந்தது. காவிரிக் கழிமுகத்தில் ஏறிப்போக எங்கே இடம்? டெல்டாக்காரர்களுக்குப் புற்று தெரியாது என்று சொல்லமுடியாது. திருவாரூர்ப் பெரிய கோயிலின் வன்மீகநாதர் புற்றிடங்கொண்டவர். புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றாத ஊர் இங்கே இல்லை. ஆனால் நம் புற்றுகள் இருப்பது கோயில் திடலில், வேலியோரத்தில், கொல்லை மேட்டில். மாதக்கணக்கில் தண்ணீர் கட்டும் வயலில் புற்று நிற்காது. ஓர் இரவில் பல புற்றுகளைத் தேடி உடைத்தாக வேண்டிய விலங்குக்கு, ஊருக்கு நான்கு புற்று போதாது.

இன்னொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது: ஈன்று வளர்க்கும் இடம். நம் கரடி இணைசேர்வது பெரும்பாலும் கோடையில். குட்டி போடுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. கரடிகளில் கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் ஒட்டாமல் சில மாதம் மிதந்தபடி காத்திருக்கும் வழக்கம் உண்டு. நம் கரடியிலும் அப்படியே நடப்பதாகக் கருதுகிறார்கள். பிறக்கும் குட்டி அரைக் கிலோகூட இருக்காது. கண் திறக்க மூன்று வாரம் ஆகும். தாய் வாரக்கணக்கில் உண்ணாமல் குகைக்குள்ளேயே கிடக்கும். பாறை இடுக்கோ, நனையாத பள்ளமோ இல்லாமல் இது நடக்காது. நம் கடற்கரையில் இதே மாதங்கள்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் புயலும். கீழவாஞ்சூரிலிருந்து தஞ்சாவூர் வரை தேடினாலும் கரடி ஒதுங்க ஒரு பாறைக்குகை கிடைக்காது. தோண்டினால் சில அடியில் தண்ணீர். இரண்டாயிரம் ஆண்டு உழவு காட்டைத் தின்றது உண்மை. ஆனால் உழவே வராமலிருந்தாலும் இந்த மண்ணில் கரடிக் குடும்பம் நிலைத்திருக்காது என்பதே என் முடிவு. கோடியக்கரைக்கும் இது பொருந்தும்: பழம் உண்டு, பாறை இல்லை, பக்கத்துக் காட்டிலிருந்து நடந்துவர வழியும் இல்லை.

கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் 1994இல் கரடிக்கென்றே அமைத்த தரோஜி சரணாலயம் இதற்கு நேர்மாறான நிலம். பார்த்தால் காடு என்றே தோன்றாது. அடுக்கடுக்காய்ப் பாறைகள், முட்செடி, வறண்ட செம்மண். கரடிக்கு அது சொர்க்கம். காடு என்றால் அடர்ந்த பச்சை என்று நாம் வைத்திருக்கும் அளவுகோலைக் கரடி ஏற்பதில்லை. ஓசூர்ப் பக்கம் பாறைக் குன்றுகளை வெறும் கல் என்று எண்ணிக் கிரானைட்டுக்கு வெட்டித் தள்ளும்போது, தாய்க்கரடியின் பேறுகால வீட்டையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

குகையை விட்டு வெளியே வந்தபின் தாய் செய்யும் காரியம் கரடி உலகிலேயே தனித்தன்மை வாய்ந்தது. ஒன்றோ இரண்டோ குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொள்கிறது. தோளிலும் முதுகிலும் மயிர் நீண்டு அடர்ந்திருப்பதால் குட்டிகள் அதைப் பற்றிக்கொண்டு குப்புறப் படுத்துப் பயணம் செய்கின்றன. தாய் புற்றைத் தோண்டும்போது இறங்கித் தின்னும். ஆபத்து என்றால் ஓடிவந்து ஏறிக்கொள்ளும். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை இந்தச் சவாரி நடக்கிறது. அதன்பிறகும் ஒன்றரை, இரண்டு ஆண்டு வரை தாயோடுதான் இருக்கும். மற்ற நாட்டுக் கருங்கரடிகள் ஆபத்து வந்தால் குட்டியை மரத்தில் ஏற்றிவிடும். புற்றைத் தேடித் திறந்த வெளியில் திரியும் நம் கரடிக்கு ஏற்ற இடத்தில் மரம் இருக்கும் என்று சொல்லமுடியாது. தாய்முதுகே மரம். சிதவனில் இன்னொன்றும் தெரிந்தது. பொதுவாக இரவிலும் அந்தி விடியலிலும் திரியும் கரடிகளுள், குட்டியுள்ள தாய்கள் மட்டும் பகலில் அதிகம் நடமாடின. புலியும் ஆண்கரடியும் இரவில் திரிவதால் அவற்றைத் தவிர்க்க.

இங்கேதான் கரடியின் கோபம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 735 பேர் கரடியால் தாக்கப்பட்டார்கள். 48 பேர் இறந்தார்கள். உலகின் வேறெந்தக் கரடியும் மனிதரை இந்த எண்ணிக்கையில் காயப்படுத்துவதில்லை. இத்தனைக்கும் இது மனிதரைத் தின்னும் விலங்கு கிடையாது. தாக்கிவிட்டு ஓடிவிடுகிறது. பின்னங்காலில் எழுந்து நின்று முகத்தையும் தலையையும் குறிவைக்கிறது. புற்றைப் பிளக்கப் படைத்த நகம் மனிதத் தாடையில் என்ன செய்யும் என்பதை மலையடிவார மருத்துவமனைகளில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிழைத்தவர்கள் கண்ணையும் மூக்கையும் இழந்து வாழ்நாள் முழுக்க அந்த முகத்தோடு இருக்கிறார்கள்.

ஏன் இப்படி? கரடியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அது புலியோடு ஒரே காட்டில் வாழ்கிறது. மெதுவாக நடக்கிறது. வேலையில் இருக்கும்போது கேட்பதும் பார்ப்பதும் குறைவு. வளர்ந்த கரடி ஆபத்திலிருந்து தப்ப மரமேறுவதை நம்புவதில்லை. புலியும் சிறுத்தையும் ஏறக்கூடியவை. திடீரென்று எதிரில் ஏதோ வந்து நின்றால் அதற்குத் தெரிந்த தற்காப்பு ஒன்றுதான்: எதிரியைவிட முந்திப் பாய்வது. புலியும் கரடியும் சந்தித்த நாற்பதுக்கு மேற்பட்ட காணொளிகளை அண்மையில் தொகுத்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான சந்திப்புகள் உடம்பு உடம்பைத் தொடாமலே முடிந்ததைக் கண்டார்கள். கரடி எழுந்து நின்று உறுமிப் பாய்கிறது. புலி யோசித்துவிட்டு விலகுகிறது. புலியிடம் பலிக்கும் அந்த உத்தி, சுள்ளி பொறுக்கப் போன பெண்ணின் முகத்தில் இறங்குகிறது.

இந்த விளக்கத்தில் ஓர் இடறல் உண்டு. இலங்கையில் புலி கிடையாது, சிறுத்தைதான். ஆனாலும் வறள்வலயத்துக் கிராமத்தார் காட்டில் மிகவும் அஞ்சுவது கரடிக்கு. வஸ்கமுவ பூங்காவில் கரடிகளை ஆராய்ந்த சியாமளா ரத்னாயக்க, கரடியிடம் அடிபட்டவர்களையும் நேரில் கண்டு விசாரித்து எழுதியிருக்கிறார். புலி இல்லாத தீவிலும் புலிக்கான குணம் தொடர்கிறது என்றால், அது ஒவ்வொரு கரடியும் பட்டுத் தெரிந்துகொள்வதாக இருக்காது; இனத்தின் உடம்பிலேயே ஊறியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அடித்துத் திருத்திவிடலாம், விரட்டிப் பழக்கிவிடலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மோதல் கூர்மையாக இருப்பது நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளிலும், தெற்கே பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கடையம் அடிவாரத்திலும். தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. தோட்டத்து ஓரங்களில் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடிப் புதர் கரடிக்குப் பகலில் படுக்குமிடம். அதன் பழமும் உணவு. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கும் கரடிக்கும் இடையே நாலடிப் புதர்தான் இருக்கிறது. இரவில் கரடி குடியிருப்புக்கே வருகிறது. கோயில் கதவை உடைத்து விளக்கில் ஊற்றும் எண்ணெயைக் குடிக்கிறது. ரேஷன் கடையிலும் சத்துணவுக்கூடத்திலும் புகுந்து சர்க்கரை, எண்ணெய், பருப்பை எடுக்கிறது. புற்றை உடைத்து ஒரு வாய் கறையான் எடுப்பதற்கு ஆகும் உழைப்பையும், தகரக் கதவை நெம்பி ஒரு டின் எண்ணெய் குடிப்பதற்கு ஆகும் உழைப்பையும் ஒப்பிட்டால், எந்த விலங்கும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். கெட்டுப்போன கரடி என்று அதைச் சொல்வதில் பொருளில்லை. தாய் போகும் வழியில்தான் முதுகிலிருக்கும் குட்டியும் கற்கிறது. எண்ணெய் டின்னைக் கண்ட குட்டி அடுத்த ஆண்டும் வரும்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்துக்கு அருகே ஒரு கரடி, இருசக்கர வண்டியில் வந்த வியாபாரி ஒருவர்மேல் பாய்ந்தது. காப்பாற்ற ஓடிவந்தவர்களையும் கடித்தது. மூவர் படுகாயம். வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கரடி பிழைக்கவில்லை. மூன்று மனிதக் குடும்பங்கள் சிதைந்தன, கரடியும் போயிற்று. பிடித்து இடம் மாற்றுவது தீர்வு என்று ஒவ்வொரு முறையும் ஊர் கேட்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கரடியைத் தூக்கிப்போன இடத்தில், எண்ணெயும் குப்பையும் அப்படியே இருந்தால், இன்னொரு கரடி வரும். கதவுகளை உறுதியாக்குவது, குப்பையை இரவில் வெளியே விடாமலிருப்பது, குடியிருப்பை ஒட்டிய உண்ணிப்புதரை வெட்டுவது, தெருவிளக்கு போடுவது, வீட்டுக்கு வீடு கழிப்பறை இருப்பது. இவை விடியற்காலையில் இருட்டில் புதர்ப் பக்கம் ஒதுங்க வேண்டிய நிலையையும், திடீர்ச் சந்திப்பையும் குறைக்கும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. தோட்ட நிர்வாகங்களும் ஊராட்சிகளும் இதைச் செய்யாமல் வனத்துறையை மட்டும் குறைசொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

காட்டுப்பாதையில் போகிறவர்கள் கூட்டமாக, பேசிக்கொண்டு போக வேண்டும். பேச்சுச் சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும். கரடியைப் பார்த்துவிட்டால் ஓடக்கூடாது. முகம் கொடுத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் இத்துறையில் இருப்பவர்கள். முகம் தப்பினால் உயிர் தப்பும்.

காடு காணாத நம் கடற்கரை ஊர்களுக்குக் கரடி வந்தது ஒரே ஒரு வழியில்: மூக்கில் கயிறோடு, வித்தைக்காரர் பின்னால். வட இந்தியாவின் கலந்தர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலை நம்பி வாழ்ந்தவர்கள். குட்டியைத் தாயிடமிருந்து பறிக்க, பெரும்பாலும் தாயைக் கொல்ல வேண்டியிருந்தது. சில மாதக் குட்டியின் மூஞ்சியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டுக் கயிறு கோப்பார்கள். புற்றை உறிஞ்சவென்றே அமைந்த அந்த மென்மையான மூஞ்சியில்தான் ஓட்டை. பற்களை உடைத்து நகங்களை வெட்டிவிடுவார்கள். கயிறு இழுக்கும் வலியில் அது கால் மாற்றி நின்றதை நாம் ஆட்டம் என்று பார்த்துக் காசு போட்டோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னும் பல பத்தாண்டுகள் இது நடந்தது. 1995இல் கார்த்திக் சத்யநாராயணனும் கீதா சேஷமணியும் தொடங்கிய வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு, கரடிகளை மீட்டதோடு நிற்காமல் கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத்தொழிலும் பிள்ளைகளுக்குப் படிப்பும் ஏற்பாடு செய்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள் ஆக்ரா, பன்னேர்கட்டா முதலிய காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2009இல் கடைசி ஆட்டக்கரடியும் தெருவை விட்டு நீங்கியது. தொழிலை இழப்பவர்களின் சோற்றையும் சேர்த்து யோசித்ததால்தான் அது முடிந்தது என்பதை வேறு பல பாதுகாப்புத் திட்டங்கள் இன்னும் கற்கவில்லை.

ஆட்டம் நின்றது, தாயத்து நிற்கவில்லை. பேய் அண்டாது, குழந்தை பயந்து அழாது என்று சொல்லிக் கரடி மயிரை உலோகக் குழலில் அடைத்து விற்பது இன்றும் நடக்கிறது. உலகில் மீதமிருக்கும் தேன்கரடிகள் இருபதாயிரத்துக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். வங்கதேசத்தில் இந்த இனம் அற்றே போய்விட்டது. தேன்கரடி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதன் மயிரோ நகமோ பல்லோ விற்பதும் வாங்குவதும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். திருவிழாக் கடையிலோ பேருந்து நிலையத்திலோ யாரேனும் கரடித் தாயத்து என்று நீட்டினால் வாங்காதீர்கள். வனத்துறைக்கோ காவல்நிலையத்துக்கோ சொல்லுங்கள். கரடி இல்லாத ஊரில் இருந்துகொண்டு கரடிக்காக நாம் செய்யக்கூடியது இது.